எட்டுக் கோப்பை மீன்

செப். 3, புதன்

காலையிலிருந்து தூறல். பிரிஞ்சாங் பக்கம் மலையே தெரியவில்லை. குடைக் கம்பி மாற்ற வேண்டும். மின்கட்டணம். பல் டாக்டர் (தள்ளிப் போடலாம்).

பதினொரு மணிக்குச் சரோஜாவின் தம்பி சற்குணம் வந்தான். கையில் முள்ளங்கிக் கட்டு. தேயிலை பேக்டரியில் முப்பத்து நான்கு வருட வேலை போன வாரத்தோடு முடிந்தது. மாதக் கடைசிக்குள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஓய்வு பெறும் எல்லாருக்கும் அதே முறைதான், இவனுக்கென்று தனியாக இல்லை.

போகிற இடம் கோலா. பேராக் மாநிலக் கடற்கரையில் ஓர் ஆற்றுமுகம். ஊருக்கு நீளமான பெயர் உண்டு, எஸ்டேட்டில் எல்லாருக்கும் வெறும் கோலாதான். பேக்டரி ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை வேன் எடுத்துக்கொண்டு அங்கே தூண்டில் போடப் போவார்கள். அந்தப் பழக்கத்தில் பிடித்த சிநேகிதம் பாக் டின், படகுக்காரர். இப்போது அவர் படகில் இவனுக்குப் பாதி. வார இறுதியில் தூண்டில்காரர்களை ஏற்றிப் போவது, வருவது. ஜெட்டி (படகுத்துறை) பக்கத்திலேயே வாடகை வீடு பேசியாகிவிட்டது.

"பதினாறாம் தேதி முதல் பார்ட்டி மாமா. ஈப்போ ஆளுங்க, ஆறு பேரு. மறுநாள் புரட்டாசி பொறக்குதுல்ல? ஒரு மாசம் மீனைத் தொட மாட்டாங்க. அதுக்கு முன்னால ஆசை தீரப் பிடிச்சு, ஆசை தீரத் தின்னுட்டு நிறுத்தணுமாம்."

சரோஜா: "கடலைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? மலையில பொறந்தவன்."

"பாக் டினுக்குத் தெரியும்லா. அவரு மீனைப் பிடிப்பாரு, நான் ஆளைப் பிடிப்பேன்."

சாப்பிட்டுவிட்டுப் போனான். நாலரைக்கு போன். குரல் வேறு மாதிரி. பாக் டின் கூப்பிட்டாராம். காலை நீர் ஏற்றத்தில் கறுப்பாக ஏதோ உள்ளே வந்திருக்கிறது. கண்டல் மர வேரெல்லாம் தார் பூசியது போல.

செப். 4, வியாழன்

மழை இல்லை. குளிர்.

காலை முழுக்க போன். நாலு பேரிடம் பேசினேன். எழுதி வைக்கிறேன், குழப்பம் வராமல் இருக்க.

தெரிந்தது: கப்பலிலிருந்து கசிந்த எரிஎண்ணெய். கரையோரம் திட்டுத் திட்டாக. ஆற்றுமுகத்தில் மிதக்கும் தடுப்பு போடுகிறார்கள். சில மீன்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியாயிற்று.

தெரியாதது: எந்தக் கப்பல். எவ்வளவு. சோதனை முடிவு எப்போது. மீன் சாப்பிடலாமா.

மீன்பிடிக்கத் தடை இல்லை. "இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது" என்றார் மீன்வளத் துறை அதிகாரி. அதைத் தடை என்று எழுதக் கூடாது.

மதியம் என் பழைய பத்திரிகை அலுவலகத்திலிருந்து செல்வி, போனில். அந்தக் கரையைப் பார்க்கிற நிருபர் பிரசவ விடுப்பில். "சார், நாலு பாரா போதும். ஆறு மணிக்குள்ள."

சொன்னேன்: "என் மச்சானுக்கு அங்க படகு இருக்கு. வேற யாரையாவது எழுதச் சொல்லும்மா."

"வேற ஆள் இல்ல சார். மச்சான் இருக்காருன்னு நீங்க குறைச்சு எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும்."

இருபத்தாறு வயதுப் பெண். சரியாகத்தான் சொன்னாள்.

ஐந்து மணிக்கு ச. (சற்குணம்) நேரில். உட்காரவில்லை.

"மாமா, பதினேழாம் தேதி வரைக்கும் எழுதாதீங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

"நான் எழுதலைன்னா எண்ணெய் போயிடுமா?"

"எண்ணெய் போகாது. ஈப்போ ஆளு போயிடுவான்."

சரோஜா அடுக்களையில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். யார் பக்கம் என்று தெரியவில்லை.

நாலு பாரா எழுதினேன். தெரிந்தது ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம். 5.50க்கு அனுப்பினேன்.

செப். 6, சனி

கியா பார்ம் வரை கார் வரிசை. நடந்தே போய்க் கீரை வாங்கினேன்.

தானா ராத்தாவில் முடி வெட்ட. என் நாலு பாரா ஏழாம் பக்கத்தில், ஓரமாக. காத்திருந்த கொய்யாப் பழ வியாபாரி படித்துவிட்டு, "மீன்லயே எண்ணெய் இருக்காம்லா. வாணலியில ஊத்த வேண்டாம், மிச்சம்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. முடி வெட்டுகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் வருடா வருடம் அந்த வேனில் போகிறவர். "இந்த வருசம் எங்கதான் போறதுன்னு தெரியல" என்றார், என் காதுக்கு மேல்.

நினைத்துப் பார்த்தால் அது சின்ன விஷயமில்லை. வருடம் முழுக்கச் சரிவில் நிற்கிற ஆட்கள். ஒரே ஒரு நாள், சமமான ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பது. கிடைத்த மீனை லயன் முழுக்க வீடு வீடாகப் பங்கு வைப்பார்கள். பிடிக்காதவன் வீட்டுக்கும் உண்டு.

செப். 7, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம், ச. வேனில். தாப்பா வழி. கீழே இறங்கியதும் வெக்கை, சட்டை ஒட்டியது.

கோலா, 9.20. முதலில் வாசம், பிறகுதான் தண்ணீர். ஆரஞ்சு நிறத் தடுப்பு ஆற்றின் குறுக்கே வளைந்து கிடக்கிறது. ஒரு முனை விட்டுப்போய் மிதக்கிறது. சேற்றில் கறுப்பு உருண்டைகள், கோலி அளவு. கண்டல் வேரில் முழங்கால் உயரத்துக்கு ஒரே கோடு. படகின் பக்கவாட்டிலும் அதே கோடு. பாக் டின் சாக்குத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெட்டியில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை இடம் பிடிக்கச் சண்டை வருமாம். இன்று மூன்று பேர். ஒருவர் சித்தியவான் ஆசிரியர், தமிழர்.

"சாப்பிடறதுக்கா சார்?"

"பிடிச்சு விட்டுடுவேன். வீட்ல இருந்தா வேலை சொல்றாங்க."

இறால் விற்கிற சீனக் கிழவி கடையை மூடி வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். உயிர் இறால் தொட்டியில் தண்ணீர் இல்லை.

பாக் டின் மலாயில் நிதானமாகச் சொன்னார்: படகு சின்னது. உள்ளே ஆற்றுமுகம், அதைத் தாண்டினால் கேலோங் (கடலில் கழி நட்ட மீன்பிடி மேடை), அவ்வளவுதான் எல்லை. வெளியே, கடலடிப் பாறைகள் உள்ள கல்லுப் பக்கம் போகப் பெரிய படகு வேண்டும். எண்ணெய் உள்ளேதான் தங்குகிறது. "கடல் கழுவிக்கொள்ளும். ஆறு கழுவிக்கொள்ளாது."

மூன்று மீன் கொடுத்தார், கேலோங் பக்கம் இன்று காலை பிடித்தது. சியாகாப் (கொடுவா) இரண்டு, செனாங்கின் (காலா) ஒன்று. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ச. ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டான்.

"நான் பாத்துச் சொல்றேன்" என்றான். அவன் அப்படிச் சொல்வதில் அர்த்தம் உண்டு. பேக்டரியில் கடைசிப் பத்தொன்பது வருடம் ருசி அறை, தேயிலையைக் கோப்பையில் ஊற்றித் தரம் பார்க்கிற இடம். கோப்பை கழுவப் போனவன். கடைசியில் துரையே இவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "ஓகே" சொல்வார். தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சும். சோப்பு, வெங்காயம், டீசல், எதுவானாலும். அதை ஆயிரம் கோப்பையில் ஒரு கோப்பையாகப் பிடிக்கிற மூக்கு.

மாலை நாலு மணிக்கு அவன் வீட்டு அடுக்களை. உப்பில்லை, மஞ்சளில்லை, வெறும் ஆவியில் வேகவைத்தான். மூடியைத் திறந்தான். குனிந்தான். நிமிர்ந்தான்.

"டீசல்."

மூன்றிலும்.

அவன் மனைவி மல்லிகா அடுப்பை அணைத்தாள். "அப்ப எங்கதான் போறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், அவனைப் பார்த்து இல்லை.

செப். 8, திங்கள்

தூக்கம் சரியில்லை. ஏதோ உறுத்தல்.

காலை குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். நேற்று கோலாவிலிருந்து கிளம்பும்போது, வழக்கம்போல, கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறேன்: "வேன் பின்னால்: ஐஸ் பெட்டி (மூடி சரியில்லை, கயிறு). தூண்டில் பை. படகு டீசல் டின், காலி, அடியில் ஓட்டை, தானா ராத்தா பட்டறையில் ஒட்ட."

மூன்றரை மணி நேரம், ஜன்னல் ஏற்றி, மலைச் சாலையில்.

நேரே ச. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் காட்டினேன். படித்தான். திரும்பப் படித்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். நிற்கவில்லை.

"ஒரு தடவை லோரியைத் திருப்பி அனுப்பினேன் மாமா. இருபது பெட்டி. டிரைவர் சீட்டுக்கு அடியில அரை டின் டீசல் இருந்திச்சுன்னு. அந்த ஆளு இன்னிக்கும் என்னைப் பாத்தா மூஞ்சிய திருப்பிக்குவான்."

மல்லிகா உள்ளேயிருந்து: "அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் குடுங்க."

மீன் நல்லது என்று ஆகிவிடவில்லை. தெரியாது என்று ஆகியிருக்கிறது. அதுவே அவனுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. எனக்கும்.

செப். 9, செவ்வாய்

மூடுபனி, பத்து மணி வரை.

ச. ஒரு தாளோடு வந்தான். ருசி அறை முறைப்படி செய்யணுமாம். எது எந்த இடத்து மீன் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. நான் மட்டும் கீழே போக வேண்டும்.

அவன் சொல்லச் சொல்ல எழுதியது:
சியாகாப் மட்டும். ஒரே அளவு.
உள்ளே இரண்டு. கேலோங் இரண்டு. வெளியே கல்லுப் பக்கம் இரண்டு (பாக் டினின் பெரிய படகுக்கார சிநேகிதர் தருவார்).
சந்தையில் இரண்டு, கோலாவைச் சேராதது.
தனித்தனிப் பை. புது ஐஸ் பெட்டி.
என் காரில். டிக்கியைக் கழுவி, திறந்தே வைத்து, ஒரு நாள் காய.

"மீனை உங்க பழைய பேப்பர்ல சுத்தாதீங்க மாமா. மை நாறும்."

"நாற்பது வருசம் அதுலதான் சோறு தின்னேன்."

"அதான் சொல்றேன்."

செப். 10, புதன்

தனியாகக் கோலா. எட்டு மீன், மதியம் இரண்டுக்குள் கிடைத்துவிட்டது. கல்லுப் பக்கத்து மீனுக்குத்தான் காத்திருந்தேன். பாக் டின் ஒவ்வொன்றையும் பையில் போடும் முன் கையைக் கழுவினார், கேட்காமலேயே. கையில் கறுப்பு போகவில்லை, என்னிடம் பையைக் கொடுத்துப் போடச் சொன்னார்.

சோதனை முடிவு வந்ததா என்று அதிகாரிக்கு போன். இல்லை.

ஐஸ் பெட்டி என் வீட்டில். சீட்டு எழுதி, குலுக்கி, எண் போட்டேன். எந்த எண் எந்த இடத்து மீன் என்ற சாவித் தாள் என் சட்டைப் பையில். சரோஜா கேட்டதற்கும் சொல்லவில்லை. கோபம்.

செப். 11, வியாழன்

காலை ஒன்பது. ச. வீடு. மூக்கு காலையில்தான் ஒழுங்காக வேலை செய்யுமாம். நேற்று மதியத்திலிருந்து வீட்டில் தாளிப்பு இல்லை, ஊதுபத்தி இல்லை. அவன் தலையில் எண்ணெய் இல்லை, முகச்சவரம் செய்துவிட்டுப் பூசுவதும் இல்லை. வெறும் கஞ்சி. மல்லிகா: "முருகனுக்குக்கூட இவ்வளவு விரதம் இருந்ததில்ல."

வெள்ளைப் பீங்கான் கோப்பை எட்டு, மூடியோடு. விளிம்பு உடைந்து பேக்டரி கழித்தவை. ஒவ்வொன்றிலும் எண் போட்டு, மீன் துண்டு போட்டு, மூடி, இட்லிச் சட்டியில் வேகவைத்தது மல்லிகா. அவளுக்கும் இடம் தெரியாது. அவன் வாசலில் நின்றான், கூப்பிடும் வரை.

வந்தான். ஜன்னல் பக்கம் மேசை. மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்குவான், மூக்கை நுழைப்பான், மூடுவான். அடுத்தது. முடிந்ததும் வரிசையை மாற்றி மறுபடி. பிறகு ஒரு துணுக்கு நாக்கில், உறிஞ்சி, பக்கத்து வாளியில் துப்பி, வெந்நீர். எட்டு தடவை. நாற்பது நிமிடம் ஆயிற்று. வெளியே தேயிலை வெட்டுகிற மெஷின் சத்தம் இரண்டு முறை வந்து போனது.

அவன் சொன்னதும் என் சாவித் தாளும்:

1: சுத்தம். (வெளியே)
2: எண்ணெய். தொண்டையில நிக்குது. (உள்ளே)
3: மண் வாசம். குளத்து மீனு. (சந்தை)
4: சுத்தம். (கேலோங்)
5: மண். மூணும் இதுவும் ஒரே குளம். (சந்தை)
6: எண்ணெய், லேசா. சத்தியம் பண்ண மாட்டேன். (கேலோங்)
7: எண்ணெய். ரெண்டை விட மோசம். (உள்ளே)
8: சுத்தம். இதை எனக்குக் குடுத்துடுங்க. (வெளியே)

தாளை மேசையில் வைத்தேன். மூவரும் பார்த்தோம்.

நல்ல மீன் இருக்கிற இடத்துக்கு அவன் படகு போகாது. அவன் படகு போகிற இடத்து மீன் நல்லதில்லை. அதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

மல்லிகா: "உங்க மூக்கு தப்பா இருக்கக் கூடாதா?"

"சந்தை மீனைக் குளம்னு சொன்னேனே."

"ஆமா," என்றாள். "அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

செப். 12, வெள்ளி

பிற்பகல் கனமழை. ரிங்லெட் அருகே மண் சரிந்து ஒரு பக்கப் போக்குவரத்து.

ச. ஈப்போ பார்ட்டித் தலைவர் மோகனை என் முன்னால்தான் கூப்பிட்டான். ஸ்பீக்கரில்.

"மோகன், பதினாறு வேணாம்."

"என்னண்ணே, நாங்க தூண்டிலெல்லாம் சரி பண்ணிட்டோம். தடைகூட இல்லையே?"

"தடை இல்ல. நான் வேணாம்ங்கறேன். மீன்ல எண்ணெய் வாசம் இருக்கு."

"நீங்களே பாத்தீங்களா?"

"நாக்குல வச்சுப் பாத்தேன்."

அங்கே பேசிக்கொள்கிற சத்தம். பிறகு மோகன்: "பக்கத்து போட்டுக்காரன் ஒண்ணும் இல்லைங்கறான். ஏத்திக்கறேன்னு சொல்றான். கோவிச்சுக்காதீங்க அண்ணே."

"போங்க. கோவம் இல்ல. தூண்டில் போடுங்க, பிடிங்க, விட்டுடுங்க. ஐஸ் பெட்டி மட்டும் கொண்டு போகாதீங்க. வீட்ல புள்ளைங்க இருக்கு."

வைத்துவிட்டான். என்னிடம்: "எழுதுங்க மாமா. பேரும் போடுங்க."

யோசித்தேன். மீனில் எண்ணெய் என்று என்னால் எழுத முடியாது. அது ஒரு மனிதனின் மூக்கு, பரிசோதனைக்கூடம் இல்லை. ஒரு படகுப் பங்காளி தன் முதல் பயணத்தைத் தானே நிறுத்தினான், இந்தக் காரணத்துக்காக என்று எழுத முடியும். அது நடந்தது. அவன் எனக்கு மச்சான் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

மல்லிகா: "பேரு வேணாம் அண்ணே. நாளைக்கு அந்த ஜெட்டியிலதான் நாங்க நிக்கணும்."

ச.: "பேரு இல்லன்னா எவனோ சொன்னான்னு ஆயிடும்."

அவர்களே பேசட்டும் என்று வெளியே வந்து நின்றேன். மழை விட்டிருந்தது. கால் மணி கழித்து மல்லிகா கதவருகே வந்து, "இனிஷியலோட போடுங்க. எஸ்டேட்ல நாலு சற்குணம் இருக்காங்க" என்றாள்.

ஐந்து பாரா. செல்விக்கு. அவள் கேட்ட ஒரே கேள்வி: "கோப்பை எட்டா, ஆறா? ஒரு இடத்துல ஆறுன்னு இருக்கு சார்." என் தவறு. எட்டு.

செப். 14, ஞாயிறு

செய்தி நேற்று வந்தது, மூன்றாம் பக்கம்.

போன்கள். தாப்பாவிலிருந்து ஒருவர், படகுக்காரர்கள் வயிற்றில் அடித்துவிட்டேன் என்று. பெயர் சொல்லவில்லை. பல் டாக்டர், வருகிற வாரம் வரச்சொல்லி, கூடவே, "நாங்களும் பதினாறு போறதா இருந்தோம்."

பாக் டின் ச.விடம் பேசினார். ஜெட்டியில் மற்றவர்கள் கோபமாக இருக்கிறார்கள். கொஞ்ச நாள் வர வேண்டாம். அவருக்கே கோபமா என்று ச. கேட்டானாம். "படகைச் சேற்றில் ஏற்றிவிட்டேன். அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கப் போகிறேன். பெயின்ட் காயும்வரை கோபப்பட நேரம் இல்லை" என்றாராம்.

செப். 16, செவ்வாய்

மலேசிய தினம். வெயில், அபூர்வமாக. எஸ்டேட் ஆபீஸில் கொடி.

அதிகாரியிடமிருந்து குறுஞ்செய்தி: ஆற்றுமுகத்துக்கு உள்ளே பிடிக்கிற மீனை உண்ண வேண்டாம் என்று இன்று அறிவிப்புப் பலகை. கேலோங் பற்றி இன்னும் முடிவில்லை. பலகையை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். தெரியாது.

ஈப்போ பார்ட்டி போகவில்லையாம். மோகன் ச.வுக்கு அனுப்பிய படம்: ஆறு பேர், யார் வீட்டிலோ, மேசை நிறையக் கோழி.

நேற்று ச. துரையைப் பார்த்தான். துரை என்றால் முப்பத்தைந்து வயது மலாய்க்கார மேனேஜர், பெயர்தான் இன்னும் துரை. வீட்டுக்குத் தீபாவளி முடியும் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் அவர் கையில் இல்லை.

மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனோம், நானும் சரோஜாவும். கூடத்தில் ஒட்டிக் கட்டிய அட்டைப் பெட்டிகள். மல்லிகா கத்தியால் டேப்பைக் கீறி, பாத்திரங்களை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதிப் பெட்டிதான் பிரித்திருந்தது.

சரோஜா மீதியைப் பிரிக்கக் கை வைத்தாள்.

"அது இருக்கட்டும் அண்ணி" என்றாள் மல்லிகா.